மே முடிந்தால் நிற்கும் பணம்: அமெரிக்க ஆய்வு மாணவர்களின் கோடைக்காலக் கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றிலோ இலக்கியத்திலோ முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால், சேர்க்கைக் கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது ஒரு தொகை. ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் டாலர் உதவித்தொகை, ஐந்து ஆண்டுக்கு உறுதி, கல்விக் கட்டணம் இல்லை, மருத்துவக் காப்பீடு உண்டு. கடிதத்தைப் படித்தவுடன் எல்லோரும் செய்கிற காரியம், அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பது. பல பல்கலைக்கழகங்களில் அதை ஒன்பதால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் மாதத் தொகை கொஞ்சம் தாராளமாகவே தெரியும். மிச்ச மூன்று மாதத்துக்கு எதுவும் வராது என்பது அடிக்குறிப்பில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது.

நடைமுறையில் அந்த மூன்று மாதம் நான்காகவும் நீளும். செப்டம்பர் வேலைக்கான முதல் பணம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாளோதான் வங்கிக்கு வரும். கடைசிப் பணம் மே மாதத்தோடு சரி. வீட்டு ஒப்பந்தம் என்னவோ பன்னிரண்டு மாதத்துக்குத்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகையை வீட்டுக்காரர் விட்டுத்தரப் போவதில்லை.

ஏன் ஒன்பது மாதம்? பணத்தைக் கற்பித்தலோடு கட்டிவைத்ததால் வந்த வினை. வரலாறு, இலக்கியம் போன்ற மானிடப் புலங்களின் மாணவர் பெறும் உதவித்தொகையின் பெரும்பகுதி, இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி விடைத்தாள் திருத்துவதற்கான கூலி. கோடையில் வகுப்பு குறைவு, அதனால் கூலியும் இல்லை. பேராசிரியர்களின் சம்பளமும் பெரும்பாலும் ஒன்பது மாதக் கணக்குதான், ஆனால் அவர்களின் ஒன்பது மாதத் தொகை பன்னிரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

அறிவியல் துறைகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. அங்கே ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் தேசிய அறிவியல் அறக்கட்டளை போன்ற அமைப்பிடம் மானியம் வாங்குகிறார். அந்த மானியத்திலிருந்து தனக்கே ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. மாணவருக்கு ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் கோடையிலும் பணம் போகும். கோடையில்தான் கூடத்தில் வேலை அதிகம். வரலாற்றுப் பேராசிரியருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. அவருடைய மாணவியின் ஆய்வு அவருடைய ஆய்வின் ஒரு துண்டும் கிடையாது. அவர் ஒரு நூற்றாண்டைப் பற்றி எழுதுவார், அவள் வேறொரு கண்டத்தைப் பற்றி எழுதுவாள். யாருடைய மானியத்திலும் அவள் பெயர் இருக்காது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பாடம் நடத்தும் ஒன்பது மாதத்தில் ஆய்வு நடப்பது அபூர்வம். வாரத்துக்கு இருபது மணி நேரக் கற்பித்தல், தன் சொந்தப் பாடங்கள், அப்புறம் தகுதித் தேர்வு என்று ஓடிவிடும். எந்த ஆய்வேட்டை வைத்து இவரை எடைபோடப் போகிறார்களோ, அதற்கான வேலை நடப்பது சம்பளமில்லாத அந்த மூன்று மாதத்தில். மானிடப் புலங்களில் முனைவர் பட்டம் முடிக்க ஏழாண்டு வாக்கில் ஆகிறது. ஏழாண்டுக்கு நடுவே ஆறு கோடை. ஆறு மூன்று பதினெட்டு: ஒன்றரை ஆண்டு. படிப்பில் ஆகப் பயனுள்ள ஒன்றரை ஆண்டு என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பணம் யார் தருவது என்பதுதான் கோடைக்கால நிதி என்ற பேச்சின் சாரம்.

ஆறு கோடையும் ஒரே மாதிரி இல்லை. முதல் ஒன்றிரண்டு கோடை மொழிக்குப் போகும். நடுவில் ஆவணக்காப்பகம். கடைசியில் எழுத்து. பணம் தருபவர்களுக்கு இந்த மூன்றின் மீதும் ஒரே அளவு பிரியம் கிடையாது. உட்கார்ந்து எழுதுவதற்குப் பணம் கேட்டால், அதை வீட்டிலிருந்தே செய்யலாமே என்ற பதில் காத்திருக்கும். வீட்டுக்கு வாடகை உண்டு என்பது அந்த விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது.

மொழிக்குப் பணம் வந்த கதை சுவையானது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்கா பதறியது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணம் கொட்டிய அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அமெரிக்கர்கள் அதிகம் படிக்காத மொழிகளுக்கும் நிதி ஒதுக்கியது. பிற்காலத்தில் ஃப்ளாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஃபெலோஷிப் அதன் வழிவந்தது. தமிழ், இந்தி, அரபு, சுவாஹிலி என்று ஏதாவது ஒரு மொழியைக் கோடையில் முழுநேரமாகப் படிக்க, கட்டணத்துக்கு 5,000 டாலர் வரையும் கைச்செலவுக்கு 2,500 டாலரும் பல ஆண்டுகள் இதிலிருந்து வந்தன. நிபந்தனைகளும் உண்டு: குறைந்தது ஆறு வாரம், தொடக்க நிலையாக இருந்தால் 140 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் என்றால் 120 மணி நேரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசனில் நடத்திவந்த தெற்காசிய மொழிகளுக்கான கோடைப் பள்ளி, அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் நடத்தும் தமிழ்ப் படிப்பு போன்றவற்றுக்கு மாணவர்கள் வந்து சேர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராக்கெட் பயத்தில் பிறந்த சட்டத்தால் ஒருவர் சங்கப் பாடலைப் படிக்க முடிந்தது. அரசு நிதி நேர்க்கோட்டில் போவதில்லை.

ஆவணக்காப்பகத்துக்கு வருவோம். இங்கேதான் தொகையைவிட அதன் வடிவம் முக்கியமாகிறது.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு முடிந்திருக்கிறது. அவளுக்கு வேண்டிய கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. துறை அவளுக்குக் கோடை ஆய்வு மானியமாக 4,000 டாலர் தருகிறது. கேட்க நல்ல தொகை. ஊரில் அவள் பங்கு வாடகை மாதம் 900, மூன்று மாதத்துக்கு 2,700. ஒப்பந்தப்படி அறையை உள்வாடகைக்கு விடக் கூடாது. விமானச் சீட்டு 1,200. லண்டனில் மூன்று வாரத்துக்கு ஓர் அறை, எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் 1,800. கூட்டினால் 5,700. சாப்பாடு, பஸ், ரயில் எதையும் இன்னும் சேர்க்கவில்லை, அதற்குள் 1,700 இடிக்கிறது. ஆக, 4,000 டாலர் என்பது மூன்று வார ஆய்வுக்குப் போதும், மூன்று மாத வாழ்க்கைக்குப் போதாது. மானியம் தருகிறவர்கள் முதல் கணக்கைப் பார்க்கிறார்கள், மாணவி இரண்டாவதில் வாழ்கிறாள்.

மூன்று வாரம் என்ற அந்த அளவுக்கும் ஒரு காரணம் உண்டு, அது கேமரா. முன்பெல்லாம் ஆய்வாளர் வாசிப்பு அறையில் பென்சிலோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் குறிப்பெடுப்பார். டிஜிட்டல் கேமராவைப் பல காப்பகங்கள் அனுமதித்த பிறகு, யாரும் அங்கே உட்கார்ந்து படிப்பதில்லை, படம்தான் பிடிக்கிறார்கள். கியூ காப்பகம் ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. அப்படியானால் மூன்று வாரத்தில் கிடைப்பது பதினைந்து நாள். பெட்டி வந்ததும் கட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, நிழல் விழாமல் எடுத்து, கோப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி அதையும் ஒரு படம் எடுத்துவைத்து, அடுத்த கட்டுக்குப் போக வேண்டும். மாலைக்குள் முதுகு போய்விடும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு படம் சேரும். படிப்பதெல்லாம் அப்புறம், பாடம் நடத்தும் மாதங்களின் ராத்திரிகளில். இதன் விளைவு, மூன்று மாதம் தங்க வேண்டியதில்லை, மூன்று வாரம் போதுமே என்று துறைகளும் பழகிவிட்டன. படித்துக்கொண்டே போகும்போது ஒரு கோப்பு இன்னொரு கோப்புக்கு வழிகாட்டும். அந்த வழி தெரிவது டிசம்பரில், வீட்டில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது. திரும்பிப் போக அடுத்த கோடை, அடுத்த விண்ணப்பம்.

இந்த விஷயத்தில் சில ஆய்வு நூலகங்கள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கின்றன என்பேன். சிகாகோவின் நியூபெர்ரி, கலிஃபோர்னியாவில் சான் மரினோவில் உள்ள ஹண்டிங்டன், மாசசூசெட்ஸில் வூஸ்டரில் உள்ள அமெரிக்கன் ஆண்டிக்வேரியன் சொசைட்டி, ஆஸ்டினில் உள்ள ஹாரி ரான்சம் மையம் ஆகியவை தங்கள் சேகரிப்பைப் பயன்படுத்த வருகிறவர்களுக்குக் குறுகிய கால ஃபெலோஷிப் தருகின்றன. மாதக் கணக்கில் ஒரு தொகை, ஒரு மேசை, பக்கத்து மேசையில் அதே பெட்டிகளோடு மல்லுக்கட்டும் இன்னொருவர். ஆய்வேட்டுக் கட்டத்துக்கு வந்த மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரே குறை, நீங்கள் தேடுவது அந்த நூலகத்தில் இருக்க வேண்டும். பணம் இருக்கும் இடத்தைப் பார்த்து ஆய்வேட்டுத் தலைப்பைச் சற்றே வளைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொகை கிடைத்துவிட்டது, சரி. அது எப்போது, எந்த வழியில் கைக்கு வரும்? விண்ணப்பக் கெடு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். முடிவு தெரிய ஏப்ரல் ஆகும், சில இடங்களில் மே. அதற்குள் கோடை விமானக் கட்டணம் ஏறியிருக்கும். ஆய்வு விசா கேட்கும் நாடாக இருந்தால் அந்தக் கோடையில் போய்ச்சேர முடியுமா என்பதே சந்தேகம். சில மானியங்கள் முன்பணமாக வராது. முதலில் நீங்கள் செலவழித்துவிட்டு, ரசீதுகளை ஒட்டி அனுப்பிய பிறகு வரும். மே மாதத்தோடு சம்பளம் நின்றுபோன ஒருவரிடம், ஜூனில் ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டில் தேய், செப்டம்பரில் தருகிறோம் என்று சொல்வது இது. வட்டி மாணவருடைய பாடு. அந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறே கிடையாது, அவர் கையில் இருக்கும் கார்டின் வரம்பு ஒரு விமானச் சீட்டுக்குக்கூடக் காணாது. ஏற்கெனவே வீட்டில் பணம் இருப்பவர்தான் மானியத்தைச் சிரமமில்லாமல் பயன்படுத்த முடியும் என்றால், அந்த மானியம் யாருக்கு உதவுகிறது?

வரி இன்னொரு கதை. 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, உதவித்தொகையில் கல்விக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான நூல், கருவி ஆகியவற்றுக்குப் போகும் பகுதிக்குத்தான் வரிவிலக்கு. வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் வரிக்கு உட்பட்டவை. காப்பகத்துக்குப் போக வாங்கிய விமானச் சீட்டும் வருமானக் கணக்கில் சேர்ந்துவிடும். அமெரிக்கக் குடிமக்களுக்கு ஃபெலோஷிப் பணத்தில் முன்கூட்டிப் பிடித்தம் இருக்காது, காலாண்டுக்கு ஒருமுறை தாங்களே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். இது தெரியாமல் அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்குக் காட்டும்போது மாட்டிக்கொள்வது அங்கே வழக்கமான சங்கதி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு, அவர் நாட்டோடு அதற்கென வரி ஒப்பந்தம் இல்லையென்றால், அமெரிக்காவுக்குள் செய்யும் படிப்புக்கோ ஆய்வுக்கோ தரும் பணத்தில் 14 சதவீதம் முதலிலேயே போய்விடும். அப்படி ஒரு 4,000 டாலரில் 560 போக, கைக்கு வருவது 3,440.

எஃப்-1 மாணவருக்கு இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது. கல்வி ஆண்டில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரமாகவும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே, தனி அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது. சக மாணவர் கோடையில் உணவகத்தில் பரிமாறியோ டியூஷன் எடுத்தோ சமாளிக்கலாம், இவரால் முடியாது. வளாக வேலையோ ஆள் போட்டிக்கு நடுவே கிடைக்கும் ஒன்றிரண்டு கோடை வகுப்புகளும் நூலக மேசையும்தான். ஃப்ளாஸும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே கிடைத்துவந்தது. ஆகவே வெளிநாட்டு மாணவருக்குத் துறை தரும் கோடைப் பணம்தான் பல நேரங்களில் ஒரே பணம்.

அமெரிக்க நடுவண் அரசின் மானிடப் புல நிறுவனம் இதில் எங்கே இருக்கிறது? 1965-இல் தொடங்கிய தேசிய மானிடப் புல அறக்கட்டளையிடம் கோடை உதவித்தொகை என்ற பெயரிலேயே பல ஆண்டுகள் ஒரு திட்டம் இருந்தது. தொடர்ந்து இரண்டு மாத முழுநேர ஆய்வுக்கு 6,000 டாலர், பின்னாளில் 8,000. பெயரைப் பார்த்து மாணவர்கள் ஆசையோடு விதிகளைத் திறந்தால், பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று இருக்கும். அது மாணவர் அல்லாத ஆய்வாளர்களுக்கானது. முனைவர் பட்டத்தின் நடுவில் இருப்பவரைத் தாங்கிப்பிடித்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகமும் தனியார் அறக்கட்டளைகளும்தான்.

அதில் மெலன் அறக்கட்டளையின் கை பெரியது. 1991-இல் அது பத்துப் பல்கலைக்கழகங்களில் 54 மானிடப் புலத் துறைகளைத் தேர்ந்தெடுத்து, பட்டம் முடிக்கும் காலத்தைக் குறைக்க முடியுமா என்று பத்தாண்டு பணம் போட்டுப் பார்த்தது. பணம் மாணவருக்கு நேரடியாகப் போகாமல் துறைகள் வழியாகப் போகும், துறைகள் தங்கள் திட்டத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பலன் இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. பணம் கொடுத்தால் மட்டும் ஆய்வேடு சீக்கிரம் வந்துவிடாது என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வேலைச் சந்தை மோசமாக இருக்கும்போது யாரும் அவசரப்பட்டு முடித்து வெளியே போக விரும்பமாட்டார்கள். கோடைப் பணத்தின் மீது அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

கடந்த பத்தாண்டில் கேள்வியே மாறிவிட்டது. கோடைக்கு மானியம் வேண்டும் என்று கேட்ட மாணவர்கள், கோடைக்கும் சம்பளம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2016-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் மாணவர்களும் தொழிலாளர்களே, சங்கம் வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் பிரின்ஸ்டன் தன் முனைவர் பட்ட மாணவர்களின் உதவித்தொகையைச் சராசரியாக 25 சதவீதம் உயர்த்தி 40,000 டாலர் வாக்கில் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 48,000 கல்விசார் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கற்பித்தல் உதவியாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 23,000 டாலர் வாக்கிலிருந்து 2024 அக்டோபருக்குள் 34,000-க்குப் போகும் என்று ஒப்பந்தமானது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த 34,000-மும் ஒன்பது மாதச் சம்பளம். ஜூனில் அதே பழைய கேள்வி.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏழு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 2024 அக்டோபரில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலர் என்று முடிவானது. அடுத்த மாதமே மானிடப் புலம், சமூக அறிவியல் இரண்டிலுமாகப் பன்னிரண்டு முனைவர் பட்டப் படிப்புகளுக்கு 2025-26-இல் புதிய சேர்க்கை கிடையாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆய்வுக்கூட மானியம் இல்லாத துறையில் மாணவரின் ஆண்டுச் செலவு முழுவதும் கல்லூரியின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. தொகை உயரும்போது தலைகள் குறையும். குறைவான பேருக்கு முழு ஆண்டுச் சம்பளமா, நிறையப் பேருக்கு ஒன்பது மாதமா என்று கேட்டால், நான் முதலாவதையே சொல்வேன். ஆனால் குறைத்த இடங்கள் அப்படியே மறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

2025-இல் பழைய மூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டன. ஏப்ரலில் தேசிய மானிடப் புல அறக்கட்டளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை நடுவழியில் ரத்து செய்தது. வெளிநாட்டில் ஆய்வேட்டுக் களப்பணி செய்ய உதவிய ஃபுல்பிரைட்-ஹேஸ் மானியத்துக்கான போட்டி அந்த ஆண்டு நடக்கவில்லை. ஃப்ளாஸை நிர்வகித்த கல்வித் துறைப் பிரிவின் ஊழியர்கள் வேலையிழந்தார்கள். செப்டம்பரில், பல்கலைக்கழகங்களுக்கு ஃப்ளாஸுக்கான அந்த ஆண்டுத் தவணை வராது என்று தெரிந்தது. பெரிய மூலதன நிதி வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருமானத்தின் மீதான வரி 1.4 சதவீதத்திலிருந்து 8 சதவீதம் வரை உயரும்படி சட்டம் வந்தது. சிகாகோப் பல்கலைக்கழகம் மானிடப் புலத்தின் பல துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தது அல்லது நிறுத்தியது.

இவற்றின் சுமை வந்து இறங்குவது துறையின் சிறிய கோடை நிதியின் மீது. மார்ச் மாதம் மூன்று பேராசிரியர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரிப்பார்கள். பதினைந்து பேர், கையில் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,333. யாரும் வருத்தப்படமாட்டார்கள், யாரும் காப்பகத்துக்குப் போகவும் முடியாது. ஐந்து பேருக்கு 4,000 வீதம் கொடுத்தால் ஐந்து ஆய்வேடுகள் நகரும், பத்துப் பேர் அந்தக் கோடையில் வேறு வழி தேடுவார்கள். சமமாகப் பகிர்வதுதான் சங்கடமில்லாத வழி, அதனாலேயே பல குழுக்கள் அந்தப் பக்கம் சாய்கின்றன. சுழற்சி முறை இதைவிட மேல்: படிப்புக் காலத்தில் எல்லோருக்கும் இரண்டு முழுக் கோடை உறுதி, எந்த இரண்டு என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். மொழி பயிலும் கோடையா, காப்பகக் கோடையா என்று அவரால் முன்கூட்டியே திட்டமிட முடியும். விமானச் சீட்டையும் டிசம்பரிலேயே எடுத்துவிடலாம்.

இப்போது சேர்க்கைக் கடிதத்தோடு இருப்பவர் ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் துறைச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம், அவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை: இந்தத் தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா, போன கோடையில் கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, முன்பணமா ரசீதுக்குப் பிறகா, எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது.